பஃபர் பாட்டிலுக்கு அம்மா வைத்த பொட்டு

என் அம்மாவுக்குக் கைராசி உண்டு என்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியே நம்புகிறது. கார்களுக்கு வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களை வார்த்தெடுக்கும் கம்பெனி அது. அம்மா அங்கே தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். வருஷம் முழுக்க வார்ப்பில் கீறல் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று பார்க்கிறவளுக்கு ஆயுத பூஜை அன்று மட்டும் வேலை மாறிவிடும். எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து நிறுத்திய ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பது அவள்தான். ஒரு வருஷம் அவள் காய்ச்சலில் படுத்திருந்ததால் வேறு யாரோ வைத்தார்களாம். அடுத்த மாசமே பெரிய மெஷின் ஒன்று படுத்துவிட்டதாம். அதிலிருந்து முதலாளியே ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்.

அம்மாவின் காய்ச்சலுக்கும் மெஷின் படுத்ததற்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"உனுக்கு இன்னா தெரியும்? கண்ணுக்குத் தெரியாதத மட்டும் நல்லா பாப்ப" என்றாள்.

அது உண்மைதான். நான் சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக உயிரணுக்களுக்குள் நடக்கும் சங்கதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ரயில் ஏறி, வள்ளூர்ப் பக்கம் புகைபோக்கிகள் தெரிகிறபோது டிபன் டப்பாவைத் திறந்து, எண்ணூர் தாண்டுவதற்குள் நாஷ்டாவை முடித்துவிடுவேன். அம்மாவைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அம்மாவும் அப்பாவும் கம்பெனிக்குப் போனார்கள். நான் லேபுக்குப் போனேன். எங்கள் தெருவில் லேப் என்றால் ரத்தம் எடுக்கிற இடம். "எனக்கு சுகர் எவ்ளோ கீதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்று வாசலில் கை நீட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரும். அம்மா அவர்களை உட்காரவைத்து, "அது அந்த லேப் இல்ல, பெரிய லேப்பு" என்று விளக்குவாள். பெரிய லேபில் என்ன செய்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

நான் சொன்னேன். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு உயிரணுவுக்கும் ஒரு தோல் இருக்கிறது. அதற்குச் சவ்வு என்று பெயர். அது கொழுப்பால் ஆனது. உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் என் நொதி மிதந்துகொண்டிருக்கும். நொதி என்றால், உடம்புக்குள் நடக்க வேண்டிய மாற்றங்களைச் சட்டென்று நடத்தி வைக்கிற ஒரு புரதம். என்னுடைய நொதியின் வேலை செய்தியைக் கைமாற்றி விடுவது. வெளியிலிருந்து உயிரணுவுக்கு ஒரு சேதி வந்தால் உள்ளே கால்சியம் ஏறும். நொதி அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் துணையோடு சவ்வின் உள்பக்கத்தில் போய் ஒட்டும். ஒட்டிய பிறகுதான் அதன் வாய் திறக்கும், வேலை தொடங்கும். கால்சியம் இறங்கினால் சவ்வை விட்டுவிட்டுத் தண்ணீருக்கே திரும்பிவிடும்.

"அப்ப தண்ணில கீற வரைக்கும் அது சும்மாத்தான் கீதா?"

"ஆமாம்மா."

"கம்பெனி கேட்டாண்ட நின்னுக்கினு கீற கான்ட்ராக்ட் ஆளு மாதிரின்னு சொல்லு. உள்ள கூப்ட்டாத்தான் வேல."

பல மேடைகளில் பல பேராசிரியர்கள் விளக்கிக் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

"கூப்பிடாமயே உள்ள பூந்துட்டா இன்னாவும்?" என்று அடுத்த கேள்வியையும் அவளே கேட்டாள். அதுதான் என் ஆராய்ச்சி. சவ்வை விட்டு வரவேண்டிய நேரத்தில் வராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும் நொதி, உயிரணுவை நிறுத்தாமல் வளரச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். புற்றுநோயில் இந்த மாதிரி நடப்பதுண்டு. நொதியின் எந்த இடம் சவ்வைப் பிடிக்கிறது, எந்த இடத்தை மாற்றினால் பிடி இறுகும் என்று பார்ப்பதற்காக, நான் அதில் ஒரே ஒரு இடத்தை மாற்றி ஒரு புது நொதி செய்துவைத்திருந்தேன்.

இனிமேல் வரப்போவது புரிய வேண்டுமென்றால் சோதனையையும் சொல்லிவிட வேண்டும். கஷ்டமில்லை. கொழுப்பிலிருந்து மிகச் சிறிய குமிழிகள் செய்வோம். அவற்றின் தோல் உயிரணுவின் சவ்வு மாதிரியே இருக்கும். கனத்துக்காக உள்ளே சர்க்கரைத் தண்ணீர். அந்தக் குமிழிகளையும் நொதியையும், பஃபர் என்று நாங்கள் சொல்லும் உப்புக் கரைசலில் கலந்து, சென்ட்ரிஃப்யூஜ் என்ற மெஷினில் போட்டு வேகமாகச் சுழற்றுவோம். குமிழிகள் அடியில் போய்ப் படியும். குமிழியைப் பிடித்துக்கொண்ட நொதியும் கூடவே கீழே போகும். பிடிக்காதது மேலே தண்ணீரில் நிற்கும். பிறகு மேல் தண்ணீரையும் அடிப் படிவையும் தனித்தனியாக ஜெல் என்ற கூழ்த் தகட்டில் ஓட்டிச் சாயம் ஏற்றினால், நொதி எதில் இருக்கிறதோ அதில் நீலக் கோடு தெரியும். கால்சியம் சேர்த்தால் நொதி கீழே போக வேண்டும், சேர்க்காவிட்டால் மேலே நிற்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் லேபிலும் ஆயுத பூஜை உண்டு. என் கைடு, அதாவது என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர், வருஷம் முழுக்கக் கடுகடுவென்று இருப்பவர். அன்று மட்டும் வேட்டி கட்டிக்கொண்டு சிரித்த முகமாக வருவார். வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிவரலாம். நான் அம்மாவைக் கூட்டிப்போனேன். பட்டுப்புடவை கசங்காமல் இருக்க வேண்டும் என்று ரயிலில் காலி சீட் இருந்தும் பாதி தூரம் நின்றுகொண்டே வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் சிமிழ். அதில் அவளே செய்த குங்குமம். கடையில் விற்கிறதெல்லாம் கலர்ப்பொடி என்பது அவள் கட்சி.

கம்பெனியில் அம்மாவின் கைராசி பற்றி நான் முன்பே லேபில் பெருமையடித்து வைத்திருந்தேன். கைடு அதை மறக்கவில்லை.

"வாங்கம்மா. உங்க கைராசி பத்திக் கேள்விப்பட்டோம். இன்னிக்கு எல்லாத்துக்கும் நீங்களே பொட்டு வைங்க" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். வைக்கலாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று, "இது இன்னாத்துக்கு?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் பொட்டு வைத்தாள். பக்கத்து லேபின் பேராசிரியர் ஒருவர் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார். அவர் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அம்மா என் மேஜைக்கு வந்தாள். என் பஃபர் பாட்டில் நீல மூடியோடு நின்றுகொண்டிருந்தது. பூஜைக்கு முந்தின நாள்தான் புதிதாகக் கலக்கிவைத்திருந்தேன்.

"இதுல உன் எழுத்து கீதே. உன்னுதா?"

"ஆமாம்மா. என் நொதி இந்தத் தண்ணிலதான் இருக்கும்."

"அடிப்பாவி, இதுக்குல்ல மொதல்ல வெச்சிருக்கணும்" என்று சொல்லி, மூடியின் தலையிலும், மூடி பாட்டிலைச் சந்திக்கிற விளிம்பிலும் தாராளமாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். மற்ற எல்லாவற்றுக்கும் வைத்ததைவிடப் பெரிய பொட்டு. பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். பொரியும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால ரயிலில் ஊர் திரும்பினோம்.

விடுமுறை முடிந்து போய், புது நொதியை முதன்முறையாகச் சோதனை செய்தேன். கால்சியம் சேர்த்த குழாயில் நொதி கீழே போயிருந்தது. கால்சியம் சேர்க்காத குழாயிலும் கீழே போயிருந்தது. மறுபடி செய்தேன். அதேதான். ஜெல்லில் அடிப் படிவின் பக்கம் நீலக் கோடு தடிமனாக நின்றது. ஒரே ஒரு இடத்தை மாற்றியதில், கூப்பிடாமலே சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும் நொதியை நான் செய்துவிட்டேன் என்று அர்த்தம். இந்த வகை நொதியில் இப்படி ஒன்று நடக்கும் என்று எங்களுக்குத் தெரிந்து யாரும் சொன்னதில்லை.

கைடிடம் காட்டியபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அதுவரை என் எந்த முடிவுக்கும் அவர் எழுந்ததில்லை. "பிரமாதம்" என்றார். உடனே கட்டுரை எழுதத் தொடங்கு, துறைக் கருத்தரங்கில் உன்னைப் பேச வைக்கிறேன், இது அச்சானால் வெளிநாட்டில் எந்தக் கதவும் உனக்குத் திறக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாக, "உங்க அம்மாவுக்குக் கைராசிதான்மா" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா தெரியவில்லை.

நான் செய்த காரியம், ரயிலிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டு இதை அப்படியே சொன்னது. வீடு போய்ச் சேர்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. "எம் பொண்ணு ஒண்ணு கண்டுபுடிச்சிருச்சி, உலகத்துல யாருமே பாக்காதது" என்று குழாயடியில் சொல்லியிருக்கிறாள். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்திருக்கிறாள். பொட்டு வைத்தது தான்தான் என்பதையும் விட்டுவிடவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. தலைகால் புரியவில்லை.

கட்டுரைக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. மாற்றாத பழைய நொதியும் மாற்றிய புது நொதியும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இப்படி ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கு எங்கள் பாஷையில் கன்ட்ரோல் என்று பெயர். பழைய நொதியைப் பூஜைக்கு முன்பே, பழைய பாட்டில் பஃபரில் சோதித்து வைத்திருந்தேன். கால்சியம் இல்லாமல் அது மேலேதான் நிற்கும். அது உலகத்துக்கே தெரிந்த விஷயம். இருந்தாலும் படத்துக்காக இரண்டையும் ஒரே நாளில், ஒரே பாட்டிலிலிருந்து எடுத்துச் செய்தேன்.

பழைய நொதியும் கீழே போயிருந்தது.

அந்த ஜெல்லைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்று, இத்தனை வருஷம் இந்த நொதியைப் பற்றிப் படித்தவர்கள் எல்லாரும் தப்பு. இல்லையென்றால் கால்சியம் சேர்க்காத என் குழாய்க்குள் எப்படியோ கால்சியம் இருக்கிறது. உலகம் முழுக்கத் தப்பு, கும்மிடிப்பூண்டிக்காரி மட்டும் சரி என்று நம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆசைக்கு ஜெல் ஓட்ட முடியாது. கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு விடாத ஒரு ரசாயனம் உண்டு. அதை இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். இரண்டு நொதியும் சமர்த்தாக மேலே வந்து நின்றன. புது பாட்டிலில் புது பஃபர் கலக்கிப் பார்த்தேன். அதிலும் மேலேயே நின்றன. என் கண்டுபிடிப்பு அங்கேயே முடிந்தது.

பிறகு எங்கிருந்து வந்தது கால்சியம்? உப்பைச் சோதித்தேன், தண்ணீரைச் சோதித்தேன். எல்லாம் சுத்தம். சலித்துப்போய் அந்த நீல மூடி பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடியைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. மூடியின் மரைக்குள் சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. சந்தனம் காய்ந்து பெயர்ந்து, நான் மூடியைத் திருகுகிற ஒவ்வொரு முறையும் குங்குமத்தோடு பொடியாக உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கிறது.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். அம்மா குங்குமம் செய்வது அப்படித்தான். ஆரத்தித் தட்டு எடுக்கிற எந்த வீட்டிலும் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். சுண்ணாம்பு என்றால் கால்சியம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. இரண்டும் என் தலையில் தனித்தனி அறையில் குடியிருந்திருக்கின்றன. எனக்கு மட்டுமல்ல, பொரி சாப்பிட்டுக்கொண்டு அன்று சுற்றி நின்ற அத்தனை பேருக்கும்தான். அமெரிக்காவில் ஒரு லேபில் இந்தத் தப்பை யாராலும் செய்திருக்க முடியாது.

சந்தேகம் இருக்கக் கூடாதென்று, வீட்டில் கொஞ்சம் குங்குமம் கேட்டேன். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "இன்னொரு மெஷினுக்கா?" என்று சிமிழை அப்படியே கொடுத்துவிட்டாள். ம் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் ஒரு சிட்டிகையைச் சுத்தமான பஃபரில் கலக்கி, தெளிந்த தண்ணீரை எடுத்துச் சோதித்தேன். நொதி மறுபேச்சில்லாமல் கீழே போனது.

லேபில் என் சீனியர் அக்கா ஒருத்தர் இருந்தார். என்மேல் பிரியமானவர். முதலில் அவரிடம்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரிசல்ட் தப்புன்னு சொல்லித்தான் ஆகணும். ஆனா குங்குமம் வரைக்கும் ஏன் போற? கண்ணாடிப் பாத்திரத்துல கால்சியம் ஒட்டிட்டிருந்துச்சுன்னு சொல்லிடு. எல்லா லேப்லயும் நடக்கறதுதான். அம்மாவ எதுக்கு நாலு பேர் வாயில போடற?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பக்கத்து லேப் பேராசிரியரின் சிரிப்பு என் கண் முன்னால் வந்தது. பிளாஸ்டிக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்தார், பொட்டு வைத்தார், ஆராய்ச்சியே கெட்டது என்று காபி குடிக்கிற இடத்தில் பேசுவார்கள். மைசூர்பாகு கொடுத்த கையை நாளைக்கு யாரும் மதிக்க மாட்டார்கள். அம்மாவுக்கு இந்த உலகத்தில் தனியாக ஒரு மரியாதை இருக்கிறதென்றால் அது அந்தக் கைக்குத்தான். அதை நான் என் வாயாலேயே கெடுப்பதா என்று நினைத்தபோது அழுகை வந்தது.

அன்று மதியம் பாத்திரம் கழுவுகிற அறைப் பக்கம் போனேன். எங்கள் லேபின் கண்ணாடிப் பாத்திரங்களையெல்லாம் கழுவுவது கான்ட்ராக்டில் இருந்த ஒரு அக்கா. திருநின்றவூரிலிருந்து வருவார். குழாயில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் மறுபடி மறுபடி அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கவிழ்ப்பார். கண்ணாடியில் கால்சியம் இருந்தது என்று நான் சொன்னால், சொல்லி வாய் மூடுவதற்குள் எல்லார் கண்ணும் இவர் பக்கம்தான் திரும்பும். கான்ட்ராக்ட் ஆளை மாற்ற ஒரு போன் போதும். என் அம்மாவின் கையைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணின் கையைக் காட்டிக்கொடுப்பதா? அம்மாவுக்குத் தெரிந்தால் என் முகத்தில் முழிக்கவே மாட்டாள். என் யோசனை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. நேராகக் கைடு அறைக்குப் போனேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். மூடியை வாங்கிப் பார்த்தார். "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடைஞ்சுதே" என்றார். பிறகு கோபம் வந்தது. ஒரே பாட்டிலில் ஒரே நாளில் இரண்டையும் போட்டுப் பார்க்காமல் என்னிடம் ஏன் கொண்டுவந்தாய் என்றார். கொண்டுவந்ததைக் கேள்வி கேட்காமல் நீங்கள் ஏன் எழுந்து நின்றீர்கள் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவரே தணிந்து, "பொட்டு வைக்கச் சொன்னதே நான்தான். கருத்தரங்கை நிறுத்த வேண்டாம். நீயே பேசு. ஆனா முழுசாப் பேசு" என்றார்.

பேசினேன். துறையே உட்கார்ந்திருந்தது. முதலில் புது நொதியின் படத்தைக் காட்டினேன். பிறகு பழைய நொதியும் கீழே போன படம். அதற்கப்புறம் திரை முழுக்க அந்த நீல மூடி, மரைக்குள் சிவப்புக் கோட்டோடு.

"இது குங்குமம். எங்கள் லேபின் ஆயுத பூஜைக்கு என் அம்மா வந்திருந்தார். கைடு கேட்டுக்கொள்ள, நான் தலையாட்ட, அம்மா வைத்தது" என்றேன்.

சிரிப்பு எழுந்தது. பின்வரிசை வரைக்கும் ஓடியது. எனக்குக் காது சூடாகிவிட்டது. "சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மேஜையில் கையை ஊன்றி நின்றேன். அடங்கினார்கள். அடுத்து, சுத்தமான பஃபரில் வேண்டுமென்றே குங்குமம் கலந்து நொதியைக் கீழே இறக்கிய படத்தையும், கால்சியத்தைக் கவ்வும் ரசாயனத்தை விட்டு அதே நொதியை மேலே ஏற்றிய படத்தையும் போட்டேன். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. குறிப்பு எழுதினார்கள்.

பக்கத்து லேப் பேராசிரியர் கை தூக்கினார். "அப்போ இனிமே லேப்ல பூஜை வேண்டாம்னு சொல்றீங்களா?"

"பூஜை பண்ணலாம் சார். கன்ட்ரோலும் பண்ணணும்" என்றேன்.

கைடு முன்வரிசையில் வாய்விட்டுச் சிரித்தார். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை, அன்று மேடையிலிருந்து இறங்கியபோது என்மேல் எனக்கே ஒரு கர்வம் வந்தது. கண்டுபிடித்த அன்றைக்கு இருந்ததைவிடப் பெரிய கர்வம்.

ஆனால் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து, கம்பெனி ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சுண்ணாம்பு, மரை, கால்சியம், பாத்திரம் கழுவும் அக்கா, கருத்தரங்கு எல்லாம். அவள் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது.

"உன் டாக்டர் பட்டம் பூட்ச்சா?"

"இல்லம்மா. அந்தக் கட்டுரை மட்டும் போச்சு. பட்டம் போகாது."

"பாத்திரம் கழுவுற பொண்ண யாராவது எதுனா சொன்னாங்களா?"

"இல்லம்மா."

"இது தப்புன்னு உனுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானேதான் பார்த்தேன்."

அம்மா மறுபடி நறுக்கத் தொடங்கினாள். "அத்தினி பேர் முன்னாடி சொன்னியே, இன்னான்னு சொன்ன?"

"என் அம்மா வெச்ச குங்குமம்னு சொன்னேன்."

"அம்மான்னு மட்டுந்தானா? பேரச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கு அவமானமாக இருக்கும் என்று எத்தனை நாள் மருகியிருக்கிறேன். அவளுக்கு வருத்தமெல்லாம் தன் பெயர் விட்டுப்போனதில்தான். மறுநாள் கம்பெனி பஸ்ஸில், "ஸ்வீட்டு குடுத்தேன்ல, அது தப்பாம். ஊரு உலகமே சரின்னுச்சி, எம் பொண்ணேதான் தப்புன்னு கண்டுபுடிச்சிச்சி" என்று அறிவித்துவிட்டாள். மைசூர்பாகைத் திருப்பிக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

சுத்தமான பாட்டிலில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். புது நொதி கால்சியம் இல்லாமல் சவ்வுக்குப் போகவில்லைதான். ஆனால் ஒருமுறை போய் ஒட்டிவிட்டால், கால்சியத்தை எடுத்த பிறகும் பழைய நொதியைப் போல உடனே விடுவதில்லை. தயங்கித் தயங்கி விடுகிறது. அந்தத் தயக்கம் எவ்வளவு, ஏன் என்று அளந்ததுதான் என் தீசிஸ். சின்ன உண்மைதான். ஆனால் எந்த பாட்டிலில் செய்தாலும் அசையாமல் நின்றது.

தீசிஸில், எந்தெந்தப் பொருள் எங்கெங்கிருந்து வந்தது என்று எழுதுகிற பகுதி ஒன்று உண்டு. கொழுப்பு இந்த நிறுவனம், உப்பு அந்த நிறுவனம் என்று போகும். யாராவது ஒரு பொருளைச் சும்மா கொடுத்திருந்தால், இன்னாரின் அன்பளிப்பு என்று பெயரோடு எழுதுவது முறை. குங்குமச் சோதனையையும் தீசிஸில் சேர்த்திருந்தேன். எனவே அதற்கும் எழுதினேன். குங்குமம், கும்மிடிப்பூண்டி, அன்பளிப்பு. பக்கத்தில் அம்மாவின் பெயரை இனிஷியலோடு முழுசாகப் போட்டேன். கைடு படித்தார், அந்த வரியை அடிக்கவில்லை.

எங்கள் பக்கம் முனைவர் பட்டத்தின் கடைசி வாய்மொழித் தேர்வு எல்லாருக்கும் முன்னால் நடக்கும். வீட்டார் வந்து உட்காரலாம். அப்பா லீவு போட்டுவிட்டு வந்தார். அம்மாவும் அவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் விடாமல் பதில் சொன்னேன். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வாளர் பக்கங்களைப் புரட்டி ஓர் இடத்தில் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வரியில் இருந்த பெயரை நிறுத்தி நிதானமாக வாசித்தார். இவர் யார், எந்த நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்கிறார் என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்கு முன், கடைசி வரிசையில் அம்மா எழுந்து நின்றாள்.

"நான்தாங்க" என்றாள்.